மனசில் ஒரு ஆளை நினைத்துக்கொள்ளவும்

ஒரு மனுஷன் தான் யார் என்று தானே சொன்னால் செல்லாது. உத்திரமேரூர் ஆளறி உப அலுவலகத்தின் முதல் விதி இது. நியாயமான விதிதான். வருகிறவன் போகிறவனெல்லாம் ‘நான்தான் நான்’ என்று சொல்லிவிட்டுப் போனால் அப்புறம் அலுவலகம் எதற்கு, அதற்கு ஒரு ஜீப் எதற்கு?

இது தெரியாமல் பெருநகர் கிராமத்து மளிகைக்கடை மஹபூப் பாஷா காலை பஸ்ஸில் வந்து இறங்கினார், பாவம். மகள் சாதியாவுக்கு நர்சிங் காலேஜில் சீட் கிடைத்திருந்தது. அப்பா பேரிலோ அவள் பேரிலோ இருப்பிடச் சான்று ஒன்றுதான் பாக்கி. இன்று சாயங்காலம் ஐந்து மணிக்குள் அது போய்ச் சேராவிட்டால் சீட் அடுத்த பெண்ணுக்கு. வீட்டில் மனைவி வகிதா நாஷ்டா தட்டைப் பாதியில் பிடுங்கிக்கொண்டு துரத்தினாள். “வாங்கிக்கினு வா. இல்லாட்டி இந்தப் பக்கம் தலை காட்டாத.”

அதிகாரி வேதாந்தத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஒரு நாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மக்கள் பணியின் இடையே, அவர் செல்போனில் ஒரு விளையாட்டைப் பார்த்தார். மனசில் ஒரு ஆளை நினைத்துக்கொள்ள வேண்டியது. அது கேள்வி கேட்கும். ஆம், இல்லை இரண்டில் ஒன்றை அழுத்த வேண்டியது. கடைசியில் ஆள் யாரென்று பட்டென்று சொல்லிவிடும். வேதாந்தத்துக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஆளைப் பார்க்காமலே இது கண்டுபிடிக்கிறது. நாம் ஆளை எதிரில் நிற்கவைத்து, ஆறு மாசம் அலையவிட்டும் கண்டுபிடிக்க முடியவில்லையே!

மேலிடத்துக்கு எழுதினார். இணையவழி என்று தொடங்கும் எதையும் மேலிடம் படித்துப் பார்ப்பதில்லை, கையெழுத்துதான். ‘இணையவழி வினாமுறை ஆளறித் திட்டம்’ ரிப்பன் வெட்டித் திறக்கப்பட்டது. “அன்று குடவோலை தந்த ஊர், இன்று ஆம்-இல்லை தருகிறது” என்று வேதாந்தம் பேசினார். கைதட்டல் பலமாக இருந்தது, சும்மா சொல்லக்கூடாது.

ஒரே ஒரு சங்கடம். விளையாட விளையாடத்தான் மெஷினுக்கு அறிவு வருமாம். ஆகவே பொதுநலன் கருதி, ஊழியர்கள் ஒரு மாசம் முழுக்க வேலை நேரத்தில் விளையாடினார்கள். மனசில் யாரை நினைப்பார்கள்? பக்கத்து மேஜைக்காரனைத்தான். மாசக் கடைசியில் மெஷினுக்கு உலகத்து மனிதர்கள் அத்தனை பேரும் அத்துப்படி. உலகம் என்றால் அந்த ஆபீஸ்.

பாஷா உள்ளே நுழையும்போது வாசலில் சிட்டம்மாள் ஜீப் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு நின்றிருந்தாள். விதவைச் சான்றுக்கு வந்தவள். மெஷின் அவளை ஜீப் டிரைவர் என்று கண்டுபிடித்துவிட்டது.

“எனுக்கு சைக்கிளே ஓட்டத் தெரியாது பாய்,” என்றாள்.

“அப்புறம் இன்னா பண்ணுவே?”

“ஜீப்பும் ஓடாதாம். பரவால்லன்ட்டாங்க.”

கம்ப்யூட்டர் பார்க்கும் ஸ்ரீனி, பாஷாவை மெஷின் முன்னால் உட்காரவைத்தான்.

“பேரைச் சொல்லாதீங்க பாய். உங்களை மனசுல நினைச்சுக்கங்க.”

“என்னை நானே இன்னாத்துக்குப்பா நினைக்கணும்? வேல கீது.”

“ஒரு நிமிஷம்தான். நினைங்க.”

பாஷா கண்ணை மூடிக்கொண்டு கல்லாவில் உட்கார்ந்திருக்கும் தன்னை நினைத்தார்.

‘இவர் பெரும்பாலும் உட்கார்ந்தே இருப்பாரா?’ கடைக்காரன் வேறெப்படி இருப்பான். ஆம்.

‘இவரைத் தேடி வருபவர்கள் நின்றுகொண்டே இருப்பார்களா?’ ஆம்.

‘மதியம் கண் அயர்வாரா?’ சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, ஆம்.

‘கேட்டது உள்ளேயே இருந்தாலும், எழுந்து போய் எடுக்கச் சோம்பல்பட்டு நாளைக்கு வா என்பாரா?’

பாஷா தயங்கினார். மேல் தட்டில் இருக்கும் சாமானுக்கு ஸ்டூல் போட்டு ஏற வேண்டும், முட்டி வலி. மகள் காரியம், பொய் சொல்லக்கூடாது. ஆம்.

மெஷின் ஒரு சுற்று சுற்றியது. ‘கண்டுபிடித்துவிட்டேன். இவர் அதிகாரி வேதாந்தம்.’

“தப்பா சொல்லுது தம்பி,” என்றார் பாஷா.

ஸ்ரீனி எழுந்து நின்றுவிட்டான். “மெஷின் தப்பா சொல்லாது சார்.”

சத்தம் கேட்டு வேதாந்தம் அறையிலிருந்து வந்தார். “அவர் வேதாந்தம்னா நான் யாரு? நகரு, நான் போட்டுக் காட்டறேன்.” உட்கார்ந்தார். அதே கேள்விகள் வந்தன. வேலை நேரத்தில் கண் அயர்வாரா? சீச்சீ. இல்லை. வந்தவர்களை நிற்கவைப்பாரா? யார் சொன்னது, இல்லை. நாளைக்கு வா என்பாரா? என் சர்வீஸிலேயே இல்லை.

மெஷின் வெகுநேரம் சுற்றியது. ‘மன்னிக்கவும். அப்படி ஒருவர் இல்லை.’

“நான் உள்ளதைத்தானேப்பா சொன்னேன்?” என்றார் வேதாந்தம்.

“இல்லாத ஆள் உள்ளதைச் சொன்னா நாங்க இன்னா பண்ண முடியும் பெரியவரே?” என்றான் ஸ்ரீனி. “வெளிய பெஞ்ச் கீது. குந்துங்க.”

திட்டம் வேதாந்தத்தினுடையது, ஆணை அவரே வாங்கி வந்தது. போய் பெஞ்சில் உட்கார்ந்தார்.

பாஷாவை அறைக்குள் கூட்டிக்கொண்டு போய் நாற்காலியில் உட்காரவைத்தார்கள். அவருக்கு உள்ளுக்குள் சந்தோஷம். இதுவும் அல்லாவின் கிருபைதான். நம் சான்றில் நாமே கையெழுத்தைப் போட்டுக்கொண்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்துவிடலாம்.

“அது முடியாது சார்,” என்றான் ஸ்ரீனி. “சான்று மஹபூப் பாஷாவுக்கு. அவர் நேர்ல வரலியே.”

“எதுர்ல குந்திக்கினு கீறேனேப்பா!”

“நீங்க வேதாந்தம் சார். வேணும்னா பொண்ணை வரச் சொல்லுங்க. அவங்க பேர்லயே குடுத்துடலாம். கையெழுத்து உங்களுதுதானே.”

சரியாகத்தான் பட்டது. பாஷா போன் போட்டு, உடனே புறப்பட்டு வரச் சொன்னார்.

அவள் வருகிறவரைக்கும் சும்மாதானே இருக்க வேண்டும்? டீ வந்தது. கேட்காமலே போண்டா வந்தது. ஃபேன் காற்று நேராக நெற்றியில் அடித்தது. பழையசீவரத்திலிருந்து வந்த ஒரு ஆள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து “ஐயா” என்றான். முப்பது வருஷக் கடையில் பாஷாவை ஒருவரும் ஐயா என்று கூப்பிட்டதில்லை. ‘பாய், பருப்புல கல்லு’ என்பதுதான் அவர் கண்ட மரியாதை.

“ஐயா, என் நிலத்து விஷயமா…”

“மெஷின்கிட்ட போ,” என்றார் பாஷா. அது அவ்வளவு சுலபமாக வாயில் வந்ததில் அவருக்கே ஆச்சரியம். அடுத்த ஆளுக்கும் அதையே சொல்லிப் பார்த்தார். நன்றாகத்தான் இருந்தது. மதியம் சாப்பிட்டுவிட்டு ஒரு கண் தூங்கி எழுந்தபோது, இந்த விதிகளிலெல்லாம் ஏதோ அர்த்தம் இருக்கிறது என்று தோன்ற ஆரம்பித்தது.

நாலரைக்கு சாதியா மூச்சிரைக்க ஓடிவந்தாள். வழியில் பஸ் பஞ்சர்.

“அப்பா, இன்னும் அரை மணிதான் கீது. சீக்கிரம் கையெழுத்துப் போடு, நான் போன்லயே அனுப்பிடறேன்.”

பாஷா பேனாவைக் கையில் எடுத்தார். ஊழியர்கள் பார்த்தார்கள். வரிசை பார்த்தது. பெஞ்சிலிருந்து பழைய வேதாந்தமும் எட்டிப் பார்த்தார். பாஷா பேனாவை வைத்துவிட்டார்.

“எல்லாரும் பாக்கறாங்கமா. என் பொண்ணுன்னு விட்டுட்டா ஆபீஸ் இன்னாத்துக்கு ஆவும்? மெஷின்ல குந்து. நாலு கேள்விதான்.”

“நான் யாருன்னு உனக்குத் தெரியாதா?”

“எனக்குத் தெரிஞ்சாப் போதுமா? ஆபீசுக்குத் தெரிய வேணாவா?”

சாதியா வந்த கோபத்துக்கு அப்படியே திரும்பிப் போயிருப்பாள். ஆனால் சீட் முக்கியம். உட்கார்ந்தாள். மெஷின் சாவகாசமாகக் கேட்டது. உட்கார்ந்தே இருப்பாரா? இல்லை. ஜீப் ஓட்டுவாரா? இல்லை. இவருக்கு டீ வருமா? இல்லை.

‘இந்த அலுவலகத்தில் யாருக்காவது இவரைத் தெரியுமா?’

சாதியா திரும்பி அறைக்குள் பார்த்தாள். பாஷா ஒரு ஃபைலை விரித்து முகத்துக்கு நேரே பிடித்திருந்தார். அவள் ‘இல்லை’யை அழுத்தினாள்.

மெஷின் இந்தத் தடவை சுற்றவே இல்லை. ‘கண்டுபிடித்துவிட்டேன். இவர் பொதுமக்கள். வரிசையில் நிற்கவும்.’

“பாத்தியா, கரெக்டா சொல்லிடுச்சு,” என்றார் பாஷா, ஃபைலுக்குப் பின்னாலிருந்து.

சாதியா வெளியே வந்தபோது வரிசை வாசலைத் தாண்டி ரோட்டுக்குப் போயிருந்தது. கடைசியில் போய் நின்றாள். அவளுக்கு முன்னால் நின்றவர்களிடம் ஐந்து மணியைப் பற்றிச் சொல்லி, கொஞ்சம் வழிவிடச் சொல்லிக் கேட்டாள். ஒருவர் காதிலும் விழவில்லை. அத்தனை பேரும் உள்ளே ஃபேனுக்கடியில் இருந்த அந்த நாற்காலியைப் பார்த்தபடி, உட்கார்ந்தே இருப்பாரா, ஆம், நிற்கவைப்பாரா, ஆம், தூங்குவாரா, ஆம் என்று முணுமுணுவென்று மனப்பாடம் செய்துகொண்டிருந்தார்கள்.