இரண்டு தோளுக்கும் தனித்தனிக் கட்டம்

என் அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் தையல் மிஷினும் நலம். கத்தரிக்கோல் மட்டும் சாணை பிடிக்கச் சொல்கிறது. உன் நலத்தை நீயாகச் சொன்னால்தான் உண்டு.

முதலில் என் மானம் போன கதை. எப்படியும் அம்மா போனில் சொல்லிவிடுவாள். நீ அனுப்பிய லேப்டாப்பின் திரைமேல் நீலச் சாக்பீஸால் கோடு போட்டுவிட்டேன். வெள்ளையாக ஒன்று விரிந்து கிடந்தால் இந்தக் கை சும்மா இருக்குமா? அம்மா ஈரத்துணியோடு வந்து, "அடுத்தது கத்தரிக்கோலாங்க?" என்றாள்.

"ஒரு வெப்சைட்கூட இல்லாத கடை எதுக்குப்பா, மூடிட்டு எங்கூட வந்துடுங்க" என்று நீ சொன்னாய். "நானே செஞ்சு காட்டறேன், வெளியூர்லேர்ந்து ஒரு ஆர்டர் வந்தாலும் நீ அந்தப் பேச்சை விட்டுடணும்" என்று நானும் வீறாப்பாகப் பந்தயம் கட்டினேன். ரோஷம் அளவெடுக்காமலே வந்துவிடும், வேலை தெரிய வேண்டாமா? பக்கத்துக் கடையில் போன் ரிப்பேர் பார்ப்பவரைப் பிடித்தேன், தெருவே அவரை 'சார்ஜர்' என்றுதான் கூப்பிடும். "அண்ணே, எடுத்ததும் கம்ப்யூட்டர்ல கை வைக்காதீங்க. மேல கடைப் பேரு, நடுவுல படம், கீழ விலாசம்னு பேப்பர்ல வரைஞ்சுக்கங்க" என்றார். பழக்க தோஷம், காக்கிக் காகிதத்தில் வரைந்து, நாலு பக்கமும் தையலுக்கு இடம் விட்டு, வெட்டியே கொடுத்துவிட்டேன். சார்ஜர் அதைத் தன் மார்பில் வைத்துப் பார்த்து, "இது முன்பக்கமா, முதுகாண்ணே?" என்றார்.

அப்புறம் இணையத்தில் தயாராகக் கிடைக்கும் மாதிரிப் பக்கம் ஒன்றில் நம் எழுத்தையும் படத்தையும் ஏற்றினோம். லேப்டாப்பில் கச்சிதமாக இருந்தது, போனில் கடைப் பெயரில் பாதியைக் காணோம். "குழந்தைச் சட்டையைப் பயில்வானுக்கு மாட்டின மாதிரி இருக்கே" என்றேன். "இதைத் தட்டிவிட்டா, பாக்கறவங்க திரைக்குத் தக்கபடி அதுவே மாறிக்கும்" என்றார். யார் போட்டாலும் அவருக்கே தைத்தாற்போல் மாறும் துணி! அன்று மதியம் வேலை ஓடவில்லை. வெயிலில் நூல் பிசிறுகள் மிதந்தன. எங்கோ பேர் தெரியாத ஊரில் மழைக்கு ஒதுங்கிய ஒருத்தர் போனைத் தட்டுகிறார், இங்கே நம் கதவு சத்தமில்லாமல் திறக்கிறது, ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு துணி அடுக்கைத் தடவியபடி நடக்கிறார். "வாங்க, வாங்க" என்றேன். எதிரே அம்மா. "வீட்டுக்காரிக்கு என்னங்க இவ்ளோ மரியாதை?"

ஆர்டர் படிவத்தில்தான் சண்டை. இடது தோளுக்கு ஒரு கட்டம், வலது தோளுக்கு ஒரு கட்டம் கேட்டேன். "யாருண்ணே ரெண்டையும் தனித்தனியா அளப்பாங்க?" என்று சார்ஜர் சிரித்தார். "ரெண்டு தோளும் சமமா உள்ள மனுஷனைக் கூட்டிட்டு வாங்க, இலவசமா தைச்சுத் தரேன்" என்றேன். கட்டம் வந்தது.

நேற்று ஆர்டரும் வந்தது! ஒரு கோட்டு. எல்லா அளவும் சுத்தமாக நிரப்பி, பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'ஒரு வாடிக்கையாளர்' என்று போட்டிருந்தது. வெளியூராம், ஆனாலும் நேரில் வந்து வாங்கிக்கொள்வாராம். சார்ஜருக்கும் தெருவுக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன். ஆகவே மகளே, பந்தயத்தில் நீ தோற்றாய். கடையை மூடும் பேச்சு இனி வேண்டாம்.

எடுத்த காரியமெல்லாம் பிசிறில்லாமல் முடிய வாழ்த்தும்,
அப்பா.

பின்குறிப்பு: வாடிக்கையாளருக்கு இடது தோள் அரை அங்குலம் இறக்கம். புத்தகப் பையை ஒரே தோளில் மாட்டாதே என்று நான் தொண்டை கிழியக் கத்தியும் கேட்காத தோள் அது. பந்தயத்தில் தோற்றது நான்தான், அம்மாவிடம் சொல்லாதே. அளவுகளை நான் படிக்கப் படிக்க அவள் துணியில் குறித்துக்கொண்டாள். இடுப்பு வந்ததும், போன வருஷம் உனக்குத் தைத்த அளவையே சொன்னேன். மிச்சத்தை உள்பக்கம் மடித்துத் தைத்துவிடுகிறேன், நீ தேறத் தேறப் பிரித்துக்கொள்ளலாம். நீ எழுதியிருந்த அளவை மட்டும் அவளுக்குச் சத்தமாகப் படிக்கவில்லை.