வலம் என்று குறியிட்ட துப்பாக்கிக் கட்டை

பிறரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வதைத் தாழ்வாகக் கருதுபவன், படித்தே அனைத்தையும் அறிந்துவிடலாம் என்று நம்பத் தொடங்குகிறான். அந்த நம்பிக்கையால் கெட்டவர்களின் பட்டியலில் என் பெயரையும் சேர்த்துக்கொள்ளலாம். ரங்கூனின் லத்தா பேட்டையில், இரும்புச் சாமான் மொத்தக் கடை ஒன்றில் முப்பதாண்டுகள் இருப்பு மேற்பார்த்தவன் நான். (யாங்கோன் என்று எழுதவேண்டும் என்பார் என் மருமகன். பழகிய கை கேட்பதில்லை.) தாழ்ப்பாள், திருகாணி முதலியவற்றின் விளக்கப் பட்டியல்களைப் படித்துப் படித்தே ஆங்கிலம் கற்றேன். ஆகவே, உலகில் எப்பொருளாயினும் அதன் பட்டியல் கையில் கிடைத்தால் போதும் என்ற திடமான எண்ணம் எனக்கு உண்டு.

சில ஆண்டுகளுக்கு முன் என் மகள் மீனாவுக்கு, ரங்கூனுக்கு வடக்கே உள்ள மாவ்பியில் ஒரு வரன் அமைந்தது. பையன் குமார், குணவான். இருவருக்கும் மனம் ஒத்திருந்தது. தடை ஒன்றே. பையனின் தந்தை ஊ முத்தையா ('ஊ' என்பது இங்கே பெரியவர்கள் பெயருக்கு முன் வைக்கும் மரியாதைச் சொல்), திருமண நாளைப் பற்றி எப்போது கேட்டாலும், "பாப்போம் சம்பந்தி" என்பார். மூன்று மாதங்களாக இதே விடை. எனக்கோ உட்கார்ந்தால் எழத் தோன்றும். எழுந்தால் நடக்கத் தோன்றும். மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில் எங்கள் வீட்டுக்கு முன்னால் போகும் ரயில்களை எண்ணி, இரட்டைப்படை வந்தால் கல்யாணம் என்று குறி பார்க்கும் நிலைக்கு இறங்கிவிட்டேன்.

இறுதியில் குமாரே காரணத்தைக் கூறினார். அவருடைய தந்தை, மாவ்பியை அடுத்த ஒரு சுடும் கிளப்பில் நீண்டநாள் உறுப்பினர். வானில் எறியப்படும் மண்தட்டுகளைச் சுட்டு உடைப்பது அவருடைய ஒரே பொழுதுபோக்கு. தானே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும், உதை சற்றுக் குறைந்த அரைத் தானியங்கித் துப்பாக்கிதான் அவருடையது. இருந்தும் அதன் பின்னுதைப்பு அவர் தோளைப் பழுதாக்கிவிட்டது. சுடுவதை நிறுத்தும்படி வைத்தியர் சொல்லிவிட்டார். அன்றுமுதல் வீட்டில் எந்த நல்ல காரியத்தைப் பேசினாலும் மனிதர் முகம் கொடுப்பதில்லையாம்.

தோளைக் காத்தால் திருமணம் நடக்கும் என்று நான் முடிவு கட்டினேன்.

கிளப் செயலாளரிடம் ஒரு விளக்கப் பட்டியலைக் கேட்டு வாங்கினேன். பின்னுதைப்பைக் குறைக்கும், தோளில் அணைத்துக்கொள்ளும் பின்கட்டைகள் அதில் இருந்தன. கட்டைக்குள் வில்சுருள் ஒன்று. வெடிக்கும்போது கட்டை சற்றே உள்வாங்கி உதையை விழுங்கிக்கொள்ளும். முனையில் மெத்தென்ற ரப்பர். கன்னம் பதியும் மேடு. உள்ளங்கைக்கு ஏற்ற புடைப்பு. இரண்டு வாரங்கள் அதை மனப்பாடம் செய்தேன். "அவங்க வீட்ல ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்குங்கப்பா" என்றாள் மீனா. பட்டியலில் இல்லாதது அவர்கள் வீட்டில் என்ன இருக்கப்போகிறது என்று அவளை அடக்கினேன். துப்பாக்கியைக் கிளப் அறையைவிட்டு வெளியே கொண்டுவர அனுமதியில்லை. ஆகவே அதை நான் கண்ணால் கண்டதுமில்லை.

கட்டையின் நீளத்தைக் கணிக்க, முழங்கை மடிப்பிலிருந்து சுட்டுவிரல்வரை உள்ள அளவு தேவைப்பட்டது. கல்யாணச் சட்டைக்கு அளவு என்று பொய்யுரைத்து, ஒரு தேநீர்க் கடையின் குட்டை முக்காலியில் ஊ முத்தையாவை அமர்த்தி, நாடாவை எடுத்தேன். அவர் இடக்கையை நீட்டினார்.

"நல்ல காரியம் சம்பந்தி. வலது கையக் குடுங்க" என்றேன்.

அவர் ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டு வலக்கையை நீட்டினார். நாடாவைச் சுருட்டும்போது, அவர் தம் இடத்தோளைத் தடவிக்கொண்டிருந்ததையும் கண்டேன். வலத்தோளில் விழுந்த அதிர்ச்சி நெஞ்சைக் கடந்து இடத்தோள்வரை சென்றிருக்கிறது என்று எனக்குள்ளேயே விளக்கம் கண்டு இரங்கினேன். (இந்த மருத்துவக் கண்டுபிடிப்பை அன்றைக்கே இரண்டு பேரிடம் சொல்லியும் வைத்தேன்.)

விண்ணப்பப் படிவத்தில் 'வலமா, இடமா' என்று ஒரு கேள்வி இருந்தது. சோறு உண்பதையும், வெற்றிலை தருவதையும், திருநீறு பூசுவதையும் வலக்கையால் செய்யும் ஒரு பெரிய மனிதரைப் பற்றி இப்படியும் ஒரு கேள்வியா என்று சற்றுச் சினந்தே வலத்தில் குறியிட்டேன்.

அனுமதித் தாள்களைச் செயலாளர் கவனித்துக்கொண்டார். கட்டை வந்துசேர்ந்தது. அதைப் பட்டுத்துணியில் சுற்றி, சீர்த்தட்டில் வாழைப்பழம், வெற்றிலை, தேங்காய் நடுவே வைத்து, மடியில் ஏந்தியபடி மனைவி, மகளோடு மாவ்பிக்குப் பேருந்தில் போனேன். நடத்துநர் தட்டை எட்டிப் பார்த்துவிட்டு அன்று எங்கள் பக்கம் திரும்பவே இல்லை.

கிளப்பில் உறுப்பினர்கள் எல்லாரும் சூழ்ந்து நிற்க, தட்டை இரு கைகளாலும் நீட்டினேன். ஊ முத்தையா பட்டுத்துணியைப் பிரித்துப் பார்த்தார். முகத்தில் ஏதோ ஒன்று தோன்றி மறைந்தது. ஆனந்தம் என்று கொண்டேன். இடக்கையால் வலது முழங்கையைத் தொட்டபடி, இவ்வூர் மரியாதைப்படி வலக்கையால் கட்டையை எடுத்துக்கொண்டார். கிளப் தச்சர் அதைத் துப்பாக்கியில் பொருத்தினார். பொருத்தும்போது ஏதோ கேட்க வாயெடுத்தவரை ஊ முத்தையா பார்வையாலேயே நிறுத்தினார்.

முதல் தட்டு பறந்தது. கட்டையை வலத்தோளில் அணைத்துச் சுட்டார். தட்டு பத்திரமாகத் தரையிறங்கியது. இரண்டாவதும் அவ்வாறே. துப்பாக்கி கக்கிய வெற்றுத் தோட்டாக்கள் அவருடைய மூக்குக்கு முன்னே குறுக்கிட்டுப் பறந்தன. பட்டியலில் காணாத சிறப்பம்சம் என்று வியந்தேன். ஐந்தாவது தட்டும் தப்பியபோது சுற்றி நின்றவர்கள் செருப்புகளை ஆராயத் தொடங்கினர். என்னால் நின்ற இடத்தில் நிற்க முடியவில்லை. மகளின் வாழ்வல்லவா வானத்தில் பறந்துகொண்டிருந்தது! அருகே சென்று அறிவுரை வழங்கினேன்.

"சம்பந்தி, இடது கண்ண மூடிக்கங்க. வலது கண்ணு போதும்."

மூடினார். ஆறாவதும் தப்பியது. கன்னத்தை இன்னும் அழுத்தும்படியும், மூச்சை அடக்கும்படியும், பட்டியலின் ஒன்பதாம் பக்கத்தில் உள்ளபடி நிற்கும்படியும் சொன்னேன். மனிதர் அனைத்துக்கும் கீழ்ப்படிந்தார். பத்துத் தட்டுகளும் முழுமையாகத் திரும்பி வந்தன.

குமார் மெல்ல என் அருகில் வந்தார்.

"மாமா, அப்பா இடது கையால சுடுவாங்க. துப்பாக்கியே இடது கைக்காரங்களுக்குன்னு செஞ்சது. வெத்துத் தோட்டா இடது பக்கமாத்தான் வந்து விழும்."

நான் மீனாவைத் திரும்பிப் பார்த்தேன்.

"எனக்குத் தெரியும்பா. சொல்ல வந்தா, படிக்கிறப்ப பேசாதேன்னு கைய காட்டுனீங்க."

பூமி பிளந்து என்னை ஏற்றுக்கொள்ளும் என்று காத்திருந்தேன். அதற்கும் அன்று வேறு வேலை இருந்தது. ஊ முத்தையா துப்பாக்கியை மேசைமேல் வைத்துவிட்டு என்னிடம் வந்தார். ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீங்க தட்டுல வச்சு ரெண்டு கையாலயும் குடுத்தீங்க. சபையில சீர வாங்கிக்கிட்டு, இது பீச்சாங்கைக்கு ஆகாதுன்னு எப்படிங்க சொல்றது?"

மன்னிப்புக் கேட்டு, உரிய கட்டையை மறுவாரமே தருவித்துவிடுவதாக உறுதி கூறினேன். இன்னொரு நிறுவனத்தின் பட்டியலும் என் கைப்பையில் இருந்தது. அதை வெளியே எடுத்ததுதான் தாமதம். மாதக்கணக்கில் 'பாப்போம்' என்றிருந்த மனிதர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். இடக்கையால்தான். இரும்புப் பிடி.

"வேணாம் சம்பந்தி. தையிலயே கல்யாணத்த வச்சிருவோம். தள்ளிப்போட்டா நீங்க இன்னும் எதையாவது வாங்கிருவீங்க."

சுற்றி நின்றவர்களில் யார் முதலில் சிரித்தார் என்று தெரியவில்லை. என் மனைவி பாக்கியம்தான் கடைசியில் நிறுத்தினாள்.

தையில் திருமணம் நடந்தது. இடக்கைக்குரிய கட்டையைக் குமார் வாங்கித் தந்தார், தந்தையிடம் கேட்டுவிட்டு. என்னுடையது கிளப் அலமாரியில் இன்றும் இருக்கிறது. வலக்கைப் பழக்கமுள்ள புதிய உறுப்பினர் எவரேனும் வந்தால், அதன் வரலாற்றைச் சொன்ன பிறகுதான் தொடவிடுகிறார்களாம்.

சென்ற வாரம் சம்பந்திக்குத் தோல் செருப்பு ஒரு ஜோடி வாங்கலாம் என்று கிளம்பினேன். வாசலைத் தாண்டுவதற்குள் உள்ளிருந்து பாக்கியத்தின் குரல் வந்தது.

"ரெண்டு காலுக்கும் வேணுமான்னு மொதல்ல கேட்டுக்கங்க."

திரும்பி வந்து, தொலைபேசியை எடுத்துக் கேட்டேன்.