உப்பு போதாது என்று சொன்ன லியோங்

அன்புள்ள தம்பி பஹாருதீனுக்கு அக்கா நோர்மாடியா எழுதுவது.

அஸ்ஸலாமு அலைக்கும். உனக்கும் உன் வீட்டாருக்கும் நோன்பு இலேசாக அமையட்டும். இங்கே தாகத்தைத் தவிர வேறு குறை இல்லை.

நேற்று நம் குடியிருப்பின் ரமலான் இரவுச் சந்தையில் முப்பத்தாறு கடைகளின் சாப்பாடும் ஒரே நாளில் உப்புக் கரித்தது. நகராட்சி அதிகாரி வந்து சாப்பிட்டுப் பார்த்து, மைதானத்தைப் பெருநாள் வரைக்கும் எங்களுக்கு விடுவதா, பூட்டுவதா என்று முடிவு செய்ய வேண்டிய நாளும் அதுதான்.

நீ சிரிப்பது தெரிகிறது. முழுக்கப் படித்துவிட்டுச் சிரி. சமைப்பவர்கள் எல்லாரும் நோன்பாளிகள், யாரும் ருசி பார்ப்பதில்லை. முதல் இரண்டு நாள் ரோஸ்மினாவின் கஞ்சியில் உப்பே இல்லை, ஹம்தானின் சுட்ட கோழியில் மிளகாயைத் தவிர எதுவும் இல்லை. நாக்கு நுனியில் வைத்துத் துப்பிவிட்டால் தவறில்லை என்று பள்ளிவாசல் உஸ்தாஸ் சொன்னார். "தொண்டைக்குள்ள போயிட்டா யாரு பொறுப்பு, நீங்களா?" என்று ரோஸ்மினா கேட்டாள். அவருக்குத் தொழுகைக்கு நேரமாகிவிட்டது, போய்விட்டார். மிதிவண்டியில் கெரோப்போக் அப்பளம் விற்று மூன்று கடை வைத்தவள் நான், இதற்கா வழி தெரியாது? என் கடைக்குப் பக்கத்தில் கடிகாரம் பழுது பார்த்து ஓய்ந்த அங்கிள் லியோங்கைப் பிடித்தேன். சீனர், நோன்பு கிடையாது, ஊரில் அவர் சாப்பிட்டுக் குறை சொல்லாத கடையும் கிடையாது. மூன்றாம் நாள் முதல் மாலை நான்கு மணிக்கு ஒரு கரண்டியோடு கிளம்புவார். "கோழியில புளி பத்தல, ஹம்தான். உன் மூஞ்சியில இருக்குறதுல பாதி போட்டாலே போதும்." ஹம்தான் முறைப்பான், ஆனால் புளி ஊற்றுவான். கூட்டம் பக்கத்து ஊரிலிருந்தெல்லாம் வந்தது. என் யோசனையை நானே மெச்சிக்கொண்டு திரிந்தேன், அதையும் மறைக்கவில்லை.

நேற்றும் கரண்டியோடு வந்தார். கரண்டியை முக்கினார், அந்தப் பக்கம் திரும்பினார், எல்லாரிடமும் ஒரே வார்த்தை: "நல்லாருக்கு. உப்புதான் கொஞ்சம் போதாது." அதிகாரி வருகிறார் என்ற பயத்தில் ஒரு சிட்டிகை என்றதற்கு ஒரு கை போட்டார்கள். நான் என் மீகோரெங் நூடுல்ஸில் இரண்டு முறை போட்டேன். பாங்கு சொன்னதும் அதிகாரி கஞ்சியை ஒரு வாய் வைத்தார், கண் நிறைந்துவிட்டது. பக்தி என்று நினைத்தேன். அப்புறம் கோழி, அப்புறம் என் மீகோரெங். அதற்குப் பிறகு நேராகக் கரும்புச்சாறு கடைக்குப் போய் ஆறு தம்ளர் குடித்தார். மொத்த மைதானமும் அவர் பின்னால் வரிசையில் நின்றது.

அப்போதுதான் லியோங்கைப் பார்த்தேன். நோன்பாளிகள் எங்களையே முந்திக்கொண்டு பேரீச்சம்பழத்தை அள்ளி அள்ளி வாயில் போட்டுக்கொண்டிருந்தார்.

"அங்கிள், என்ன இவ்ளோ அவசரம்?"

"விடியக்காலையிலேருந்து பச்சத் தண்ணிகூட குடிக்கல, நோர்."

"ஏன்?"

"மைதானம் கெடைக்கணும்னு நீங்க எல்லாரும் வேண்டிக்கிட்டீங்க. நானும் ஒரு நாள் நோன்பு வச்சேன். தப்பா?"

"அப்போ உப்புப் போதாதுன்னு எப்படிச் சொன்னீங்க?"

"எல்லாம் சரின்னு சொன்னா வாயில வைக்கலன்னு கண்டுபிடிச்சிருவீங்களே! முப்பத்தாறு பேரு ஒதடு காஞ்சு என் கரண்டியையே பாக்குறீங்க. ஏழு நாளா எனக்கு எறங்கவே இல்லம்மா."

இன்னும் இரண்டு பேரீச்சம்பழத்தை அவர் கையில் வைத்தேன். ஆனால் வியாபாரம் வேறு, மனசு வேறு. இனி அவர் கரண்டி என் சந்தைக்குள் வராது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். அதிகாரி முடிவைச் சொல்லாமலே வயிற்றைத் தடவிக்கொண்டு போனார். அனுமதி போனது போலத்தான். இருந்தாலும் ஒருவேளை கிடைத்தால் என்ன செய்வது? ஆகையால் ருசி பார்க்க உன் பட்டறைக் கூட்டாளி முனியாண்டியை உடனே பேருந்தில் ஏற்றி அனுப்பு. நன்றாகச் சாப்பிடுகிற மனிதர், பக்திக் கோளாறு வராது.

பிள்ளைகளுக்கு என் முத்தம். அல்லாஹ் உன் தொழிலில் பரக்கத் தரட்டும், நாக்கிலும் கொஞ்சம்.

உன் அக்கா,
நோர்மாடியா

பி.கு.: முனியாண்டியை அனுப்பாதே. லியோங் நோன்பு வைத்த கதையைக் கேள்விப்பட்டு, காலையில் அதிகாரி அவர் வீட்டுக்கே போய் அவர் கையைக் குலுக்கினாராம். மைதானம் பெருநாள் வரைக்கும் நமக்குத்தான், லியோங்கும் நமக்குத்தான். பேசி முடித்தது இது: தினமும் இரண்டு மணிக்கு என் கடையின் பின்னறையில், என் கண் எதிரில், ஒரு தட்டுச் சோறு முழுதாகச் சாப்பிட வேண்டும். பிறகு நான்கு மணிக்குக் கடைக்கு ஒரு கரண்டி, அவர் ருசி பார்க்கும்போது நாங்கள் எல்லாரும் முதுகைத் திருப்பிக்கொள்வோம். வெள்ளிக்கிழமை அவர் நோன்பு வைக்கலாம், அன்று உப்பைப் பற்றிப் பேசக் கூடாது. கூலி, நாளுக்கு அரைக் கோழியும் ஒரு வாளி கஞ்சியும்.