நாய்க்குட்டிக்கு வெயில்

அவள் என்னோடு வாழ்ந்த முப்பத்தாறு வருடத்தில் நான் அவளை ஜெயித்தது ஒரே ஒரு முறை. காலை எட்டேகாலுக்கு ஜெயித்தேன். எட்டரை வரை நீடித்தது.

வினை நாய்க்குட்டி வடிவில் வந்தது. வெறும் கறியும் சோறும் தின்று வளர்ந்ததில் அதற்கு முன்னங்கால் இரண்டும் வில்லாக வளைந்துவிட்டன. தெருமுனை நாய் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடிய என் மனைவி, சுண்ணாம்புச் சத்துப் பொடி, வைட்டமின் டி சொட்டு மருந்து, கூடவே ஓர் உத்தரவோடு திரும்பினாள்.

"தினமும் அரைமணி நேரம் குட்டிய மாடி வெயில்ல வைக்கணும். நீங்கதான் கூட இருக்கணும்."

"நானா? பேப்பர் யார் படிப்பா?"

"நீங்க படிக்கலைன்னா நாளைக்கு அச்சடிக்க மாட்டாங்களா?"

சட்டையை மாட்டினேன்.

"சட்டை வேண்டாம். அதைப் பார்த்தா குட்டி மிரளுது."

"இத்தனை நாளா மிரளலையே?"

"இப்ப மிரளுது. போங்க."

மூன்று மாதம். குட்டியை வெயிலுக்கு இழுப்பேன். அது தண்ணீர்த் தொட்டி நிழலுக்கு ஓடும். வெந்தது நான்தான். பக்கத்து மாடித் தையல்காரர் தினமும் விசாரிப்பார்: "என்ன சார், துணிய எடுத்துட்டு உங்களைக் காயப் போட்டுட்டாங்களா?"

குட்டியின் கால் நிமிர்ந்தது. என் முதுகு கருத்தது.

ஒருநாள் சொட்டு மருந்து தீர்ந்துபோக, முதல் தடவையாக நானே டாக்டரிடம் போனேன்.

"இன்னும் எத்தனை நாள் வெயில்ல வைக்கணும் டாக்டர்?"

அவர் சிரித்தார். "வெயில் பட்டா வைட்டமின் ஊறுறது நமக்குத்தாங்க. நாய்க்குச் சாப்பாட்டுலயும் மருந்துலயும்தான் கிடைக்கணும். அன்னிக்கே அம்மாகிட்ட சொன்னேனே!"

பறந்தேன் வீட்டுக்கு.

"மாட்டிக்கிட்டியா! நாய்க்கு வெயிலே தேவையில்லையாம்!"

அவள் காய் நறுக்குவதை நிறுத்தவில்லை. "தெரியுமே."

"தெரியுமா? அப்ப என்னை எதுக்கு மூணு மாசம் வறுத்தே?"

கையைத் துடைத்துக்கொண்டு அலமாரியைத் திறந்தாள். தட்டில் விரித்திருந்த பழைய பேப்பருக்கு அடியிலிருந்து ஒரு காகிதத்தை உருவினாள். நான் ஒளித்து வைத்த என் ரத்தப் பரிசோதனை முடிவு. கீழே என் டாக்டரின் கையெழுத்து: 'வைட்டமின் டி குறைவு. எலும்பு பலமிழக்கிறது. தினமும் வெயிலில் உட்காரவும்.'

"உங்களுக்குன்னு சொல்லியிருந்தா போயிருப்பீங்களா?"

சுவர்க் கடிகாரம் எட்டரை அடித்தது.

"சட்டையக் கழட்டுங்க," என்றாள்.

கழற்றினேன்.