ஹெர்பர்ட்டின் கறுப்புக் கட்டங்கள்

"டிரேவர் அத்திபெலேக்கு. சந்திரம்மா மர்பி டவுனுக்கு. ஐயோ!"

கம்ப்யூட்டர் திரையைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டாள் சங்கமித்ரா. டிரேவர் பிறந்ததிலிருந்தே மர்பி டவுன்காரர். சந்திரம்மாவின் வீடு அத்திபெலேயில். பட்டியல் இருவரையும் வீடு மாற்றிக் குடிவைத்திருந்தது.

மணி மூன்றரை. எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கம்பெனியின் ஆட்கள் இருபத்திரண்டு பேரை, ஐந்து மணிக்கு ஆறு கேப்களில் வீட்டுக்கு அனுப்ப வேண்டும். யார் எந்த வண்டியில், எங்கே இறங்க வேண்டும் என்று தினமும் பட்டியல் போடுவது நேற்றுவரை ஹெர்பர்ட்டின் வேலை. அவன் வேறு இடத்துக்குப் போய்விட்டதால் இன்று சங்கமித்ராவின் தலையில்.

"இன்னிக்கு ட்ரிப் ஒழுங்காப் போச்சுன்னா பர்மனென்ட் லெட்டர். ஒரு கம்ப்ளெய்ன்ட் வந்தாலும் இன்னும் ஆறு மாசம் ட்ரெயினிங்" என்று டிராவல்ஸ் முதலாளி ரங்கநாதன் காலையிலேயே சொல்லிவிட்டார். கே.ஜி.எஃப்பில் அவளுடைய அப்பா குணசேகரோ, மகளுக்கு வேலை நிரந்தரமாகிவிட்டதென்று நேற்றே தெரு முழுக்க லட்டு கொடுத்துவிட்டார். தின்ற லட்டைத் திருப்பிக் கேட்க முடியாது.

பட்டியல் போட ஹெர்பர்ட் எழுதி வைத்திருந்தது வெறும் கம்ப்யூட்டர் புரோகிராம் இல்லை. முப்பது பக்க டாக்குமென்ட். நாலு பாரா தமிழில் விளக்கம், நடுவில் ஒரு கறுப்புக் கட்டத்துக்குள் கோட், மறுபடி நாலு பாரா விளக்கம். கம்ப்யூட்டர் கட்டங்களை மட்டும் பொறுக்கியெடுத்து ஓட்டிக்கொள்ளும். "கோட்ங்கறது மொதல்ல மனுஷன் படிக்கறதுக்கு. மெஷின் அப்புறம் படிச்சுக்கட்டும்" என்பான் ஹெர்பர்ட்.

நல்ல கொள்கைதான். ஆனால் சங்கமித்ரா இங்கிலீஷ் மீடியம். தமிழில் பேசச் சொன்னால் வாய் ஓயாது. படிக்கச் சொன்னால் சினிமா போஸ்டரோடு சரி. முப்பது பக்கத்தை எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் பொங்கல் வந்துவிடும். ஹெர்பர்ட்டுக்கே போன் போட்டாள்.

"எல்லாம் டாக்குமென்ட்லயே எழுதியிருக்கேனே, படி" என்றான்.

"டைம் இல்லப்பா. எந்தக் கட்டத்துல தப்பு? அதை மட்டும் சொல்லு."

"கட்டத்தை விடு. கதையைப் படி."

வைத்துவிட்டான். என்ன திமிர் என்று பல்லைக் கடித்துக்கொண்டு கட்டங்களுக்குள் இறங்கினாள்.

நான்காம் பக்கத்துக் கட்டத்தில் திருடன் மாட்டினான். பெயர்களை மட்டும் அகர வரிசையில் அடுக்கிவிட்டு, விலாசங்களை அப்படியே விட்டிருந்தது. அந்த ஒரு வரியை நீக்கி ஓட்டினாள். டிரேவர் மர்பி டவுனுக்குத் திரும்பினார். ஆனால் இருபத்திரண்டு பேரும் ஒரே வண்டியில் ஏறியிருந்தார்கள்.

ஏழாம் பக்கத்துக் கட்டம் அந்த வரியை நம்பித்தான் பிழைத்துக்கொண்டிருந்ததாம். வண்டிக்கு நாலு பேர் என்று அங்கே எழுதி ஓட்டினாள். அதே நாலு பேர் ஆறு வண்டியிலும் உட்கார்ந்துகொண்டார்கள். மற்றவர்களுக்கு வண்டியே இல்லை.

பதினொன்றாம் பக்கத்துக் கட்டத்தில் கை வைத்தாள். இந்தத் தடவை எல்லோருக்கும் இடம் கிடைத்தது. முதல் வண்டியை ஓட்டுபவர் ரங்கநாதன் என்றும், பின் சீட்டில் பயணி முனியப்பன் என்றும் வந்தது. முனியப்பன் அங்கே தலைமை டிரைவர். ரங்கநாதனுக்கு சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது.

"என்னம்மா, லிஸ்ட் ஆச்சா?" என்று பின்னாலிருந்து அந்த ரங்கநாதனின் குரலே கேட்டது.

சங்கமித்ரா திரையை உடம்பால் மறைத்தாள். "ஸ்வல்ப டைம் குடுங்க சார். இன்னும் கீழ அனுப்பல."

"அனுப்பலியா? நீ ரன் கொடுத்தாலே முழு டாக்குமென்ட்டும் டிரைவர் ரூம்ல பிரிண்ட் ஆயிடுமே. ஹெர்பர்ட் பண்ணின ஏற்பாடு. ஏன், தெரியாதா?"

நாலு தடவை ஓட்டியிருக்கிறாள். நாலு பிரிண்ட். நாலும் நாலு விதம்.

லிஃப்டுக்குக் காத்திராமல் மூன்று மாடி இறங்கி ஓடினாள். ஐந்து அடிக்க இரண்டு நிமிடம். பார்க்கிங்கில் ஒரு வண்டிகூட இல்லை; ஆட்களை ஏற்ற எல்லாம் கிளம்பிவிட்டிருந்தன. முனியப்பனின் போன் அடித்துக்கொண்டே இருந்தது; வண்டி ஓட்டும்போது அவர் போனைத் தொடமாட்டார். அந்த நல்ல பழக்கத்தை அவள் அன்றைக்குச் சபித்தாள்.

மேலே வந்து டெலிபோன் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். ஐந்தரை. ஆறு. ஆறரைக்குப் போன் அடித்தது.

"ஹலோ, டிரேவர் பேசறேன்."

"சார், சாரி சார்! நீங்க அங்கயே நில்லுங்க, வேற வண்டி அனுப்பறேன். எங்க இருக்கீங்க? அத்திபெலேயா?"

"அத்திபெலேல எனக்கென்னமா வேலை? வீட்டுல டீ குடிச்சிட்டிருக்கேன். குடையை வண்டியில விட்டுட்டேன், நாளைக்குக் கொண்டாரச் சொல்லு."

வேறு போனே வரவில்லை. ரங்கநாதன் லெட்டரோடு வந்து நின்றார்.

"சார், நான் அனுப்பின லிஸ்ட்டு எல்லாமே..." என்று உண்மையைச் சொல்லத் தொடங்கினாள் சங்கமித்ரா.

"தன்னடக்கமா? நல்ல குணம்மா" என்று கையெழுத்துப் போட்டு நீட்டினார். "மொத நாளே கம்ப்ளெய்ன்ட் இல்லாம முடிச்சுட்டே."

லெட்டரை வாங்கும்போது கண் கலங்கிவிட்டது. அப்பாவின் லட்டு பிழைத்தது. ஆனாலும் மனசு கேட்கவில்லை, கீழே போனாள். அத்திபெலே ட்ரிப் முடித்து வந்திருந்த முனியப்பன் வண்டிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணா, நாலு பிரிண்ட் வந்துச்சே. எதைப் பாத்து ஓட்டுனீங்க?"

"எதுவா இருந்தா என்னம்மா? நாலுலயும் ஹெர்பர்ட் தம்பி எழுதுன கதை ஒண்ணுதானே. 'சந்திரம்மா அத்திபெலே, முட்டிவலி, முன் சீட்டு குடு. டிரேவர் மர்பி டவுன், சர்ச் பக்கத்துச் சந்து, தூங்கிடுவாரு, எழுப்பி எறக்கு.' எம்மாம் அழகா எழுதியிருக்குது! நம்ம டிரைவருங்களுக்கு மனப்பாடம்."

முனியப்பன் துணியை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்தார்.

"பர்மனென்ட் ஆயிட்டியாமே, மொதலாளிகிட்ட ஒண்ணு சொல்லும்மா, அந்தப் பிரிண்டரை மாத்தணும். மூணு வருசமா நல்ல எழுத்துக்கு நடுநடுவுல கறுப்புக் கறுப்பாக் கட்டம் போட்டு, உள்ள என்னமோ இங்கிலீஷ்ல கக்கி வைக்குது!"