கண்ணீருடன், ஊர்ப் பொதுமக்கள்

பேர் இல்லாமல் கண்ணீர் அஞ்சலி பேனர் அடிக்க முடியாது என்று மணிராஜ் கறாராகச் சொல்லிவிட்டான்.

"மேல போட்டோ இருக்கு. நடுவுல 'இமயம் சரிந்தது' இருக்கு. கீழ எடம் காலியாக் கெடக்கு. அழுதது யாருன்னு தெரியாண்டாமா அண்ணாச்சி?"

செல்லத்துரை பிளெக்ஸ் கடையின் பிளாஸ்டிக் நாற்காலியில் நெளிந்தார். தீப்பெட்டி ஆபீஸில் சூப்பர்வைசர். நூற்றைம்பது பெண்களை அதட்டி வேலை வாங்குகிற குரல் அவருடையது. தன் பெயரைச் சொல்ல வேண்டிய இடத்தில் அந்தக் குரல் எங்கேயோ போய் ஒளிந்துகொண்டது. கூட்டாளிகளிடம் கேட்டுவிட்டுச் சொல்வதாகச் சொல்லி எழுந்தார். பதினாறாம் நாள் விசேஷத்துக்கு இன்னும் இரண்டு நாள்தான் இருந்தது.

செத்துப்போனவர் மாடக்கண்ணு. பசுவந்தனைக்காரர். கரிசலில் உளுந்து போட்டு, வானத்தைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போய், நிலத்தைத் தம்பியிடம் விட்டுவிட்டுக் கோவில்பட்டிக்கு வந்தவர். எட்டயபுரம் ரோட்டில் மதுக்கடையை ஒட்டிய பாரை எடுத்துப் பதினாறு வருஷம் நடத்தினார். அவர் வாயில் ஒரு சொட்டுப் பட்டதில்லை. தனக்குப் பிரியமானவர்களுக்கு இரண்டுக்கு மேல் கொடுக்க மாட்டார். மூன்றாவது கேட்டால் ஆட்டோவைக் கூப்பிட்டுவிடுவார். பார் நடத்துகிற ஆள் குடிக்காதே என்று சொல்வது ஊரில் வேறெங்கும் இல்லாத அதிசயம். அதற்காகவே அவரிடம் போனார்கள்.

செல்லத்துரைக்கு அவர் கூட்டாளி மட்டுமில்லை. ஏழு வருஷத்துக்கு முன்னால் செல்லத்துரை காலையிலேயே ஆரம்பித்துவிடுகிற ஆளாக இருந்தார். வேலை போய்விடும் என்கிற நிலைமை. அந்த மனுஷனைக் கையைப் பிடித்து உட்காரவைத்துப் பேசிப் பேசியே காலையை மாலையாக்கி, மாலையை இரண்டுக்குள் அடக்கியவர் மாடக்கண்ணு. இன்றைக்குச் செல்லத்துரை வீட்டில் உலை கொதிக்கிறதென்றால் அதற்குக் காரணம் மாடக்கண்ணுதான். இது செல்லத்துரைக்குத் தெரியும்.

தினமும் பிரிகிற நேரத்தில் பாரில் ஒரு கூத்து நடக்கும். செல்லத்துரை வீட்டில் சொல்லிவிட்டு வருவது நடைப்பயிற்சி. அதற்கென்று கான்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு வருவார். ஏழு வருஷமாக அந்த ஷூ தேயவில்லை. மாடக்கண்ணு அவரைத் திரும்பி நிற்கச் சொல்லி, முதுகில் தண்ணீர் தெளித்து, வேர்வை உண்டாக்கி அனுப்புவார். கூட்டாளி ராமசுப்பு கணக்கு வாத்தியார். ஏழைப் பிள்ளைகளுக்கு இலவச டியூஷன் எடுக்கிறதாக வீட்டில் சொல்லியிருந்தார். அவர் விரல்களில் மாடக்கண்ணு சாக்பீஸ் தூளைப் பூசிவிடுவார். விஜயராஜுக்குக் கடலை மிட்டாய் மொத்த வியாபாரம். அவர் போவது கும்பாபிஷேகக் கமிட்டிக் கூட்டத்துக்கு. எந்தக் கோயில் என்பதை ஒன்பது வருஷமாக அவர் வீட்டில் சொன்னதில்லை. அவர் நெற்றியில் திருநீறு. எல்லாம் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு தட்டில் தயாராக இருக்கும்.

ஏழு மணியானால் மாடக்கண்ணு செல்போனை எடுத்துக்கொண்டு பின்பக்கம் தண்ணீர் டிரம்முக்கு அருகே போவார். பத்து நிமிஷம் பேசுவார். முறுக்குக்கும் முட்டைக்கும் ஆர்டர் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டார்கள்.

அப்படிப்பட்டவர் ஒரு காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். அன்று மதியமே எடுத்துவிட்டார்கள்.

செல்லத்துரை சுடுகாட்டுக்குப் போகவில்லை. போனால் வந்து குளிக்க வேண்டும். குளித்தால் யார் சாவு என்று வீட்டில் கேட்பார்கள். பேரைச் சொன்னால், அவரை எப்படித் தெரியும் என்பார்கள். அதனால் பஸ் ஸ்டாப்பில் பேப்பரை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, எப்போதும்வென்றானுக்குப் போகிற பஸ்ஸுக்குக் காத்திருப்பவரைப் போல நின்றார். மாடக்கண்ணுவின் பூத்தேர் அவரைத் தாண்டிப் போயிற்று. பேப்பரை இறக்கவில்லை. சாயங்காலம் போக்கிடம் இல்லாமல், வாழ்க்கையில் முதல் தடவையாக நிஜமாகவே மைதானத்தைச் சுற்றி நடந்தார். சட்டை நிஜமாகவே நனைந்தது.

ஏழரைக்கு வீட்டுக்கு வந்தால் மனைவி முத்துச்செல்வி வாசல்படியில் செல்போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எங்கே போயிருந்தீர்கள் என்று ஏழு வருஷத்தில் முதல் தடவையாகக் கேட்டாள். நடந்துவிட்டு வருகிறேன் என்றார். கொஞ்ச நேரம் அவர் முகத்தையே பார்த்துவிட்டு எழுந்து உள்ளே போனாள். எப்போதும் சூடாக இருக்கும் சோறு அன்றைக்கு ஆறிப்போயிருந்தது. சந்தேகம் வந்துவிட்டது என்று செல்லத்துரை பயந்தார்.

அந்தப் பேப்பர்தான் அவரை அரித்தது. அதற்குப் பரிகாரமாகத்தான் இந்தப் பேனர். மாடக்கண்ணு வீட்டுத் தெருமுனையில், பசுவந்தனை ரோட்டில், தன் பெயரைப் போட்டு ஒரு பேனர் கட்டிவிட்டால் மனசு ஆறிவிடும் என்று நினைத்தார்.

மூன்று பேர் பெயரையும் போடுவதாக முடிவாயிற்று. மணிராஜ் அடித்துவைத்த மாதிரியை வாட்ஸ்அப்பில் பார்த்ததும் ராமசுப்பு கூப்பிட்டார்.

"அந்த ரோட்டுலதான எங்க ஸ்கூல் பிள்ளைய போவுது. பார் நடத்துனவருக்கு வாத்தியார் அழுதான்னு தெரிஞ்சா பெத்தவங்க என்ன நினைப்பாவ? எம்பேர எடுத்துரு."

எடுத்தார்கள். அடுத்து விஜயராஜ் வந்தார். மகளைப் பெண் பார்க்கச் சாத்தூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்களாம். அதே ரோட்டில் வருவார்களாம். அவர் பெயரையும் எடுத்தார்கள். கீழே செல்லத்துரை பெயர் மட்டும் தனியாக நின்றது. ஊரிலேயே ஒரே குடிகாரன் தான்தான் என்று எழுதிவைத்தது போல இருந்தது அவருக்கு.

"எம்பேரையும் எடுத்துருப்பா" என்றார்.

மணிராஜ் மவுஸை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தான். பழையபடி காலி இடம். செல்லத்துரை யோசித்து, 'மாலைநேர நடைப்பயிற்சி நண்பர்கள்' என்று போடச் சொன்னார். வீட்டில் சொன்னதற்கும் பொருந்தும் என்று அவருக்கு ஒரு திருப்தி.

அடுத்தது போட்டோ. மாடக்கண்ணுவுக்கென்று அவர்கள் மூவரிடமும் ஒரு படம் இல்லை. பதினாறு வருஷத்தில் அவரை நிறுத்திவைத்து யாரும் எடுக்கவில்லை. விஜயராஜ் எடுத்த செல்பி ஒன்றில் பின்னால் ஆம்லெட் தட்டோடு நின்றிருந்தார். அதைத்தான் மணிராஜ் வெட்டினான். பின்னால் இருந்த பாட்டில்களை அழித்து மேகத்தை வைத்தான். தட்டை அழித்ததும் கை ஏந்தியபடி அந்தரத்தில் நின்றது. அதில் ஒரு தாமரைப் பூவை வைத்தான். நெற்றி வெறுமையாக இருக்கிறது, பார்க்காரர் ஜாடை தெரிகிறது என்றார் விஜயராஜ். திருநீற்றுப் பட்டையும் வந்தது. பேனரைக் கட்டிய அரை மணி நேரத்தில் அந்த வழியாகப் போன ஒரு அம்மாள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டு, எந்த மடத்துச் சாமி என்று விசாரித்தாள்.

அது போதாதென்று, மைதானத்தில் உண்மையிலேயே நடக்கிறவர்களின் சங்கச் செயலாளர் மணிராஜைக் கூப்பிட்டுச் சண்டை பிடித்தார். தங்கள் சங்கத்தில் இப்படி ஒருவர் நடந்ததே இல்லை, தங்கள் பேரில் அழ யாருக்கும் உரிமையில்லை, யார் அந்த நண்பர்கள் என்று விசாரிக்கப்போவதாகச் சொன்னார். விசாரணை என்றதும் ராமசுப்பு அதை மாற்றியே ஆக வேண்டும் என்றார். வெறும் 'நண்பர்கள்' என்று மாற்றலாம் என்றார் செல்லத்துரை. எந்த நண்பர்கள் என்று கேட்பார்களே என்றார் ராமசுப்பு. கடைசியில் வெள்ளைத்தாள் ஒட்டி எழுதினார்கள்: 'கண்ணீருடன், ஊர்ப் பொதுமக்கள்.'

மூன்று பேரும் எதிர்த்த டீக்கடையிலிருந்து அதைப் பார்த்தார்கள். இனி யாருக்கும் ஆபத்தில்லை. செல்லத்துரை குடிக்காத டீயைப் பெஞ்சில் வைத்தார். முதுகில் தண்ணீர் தெளித்த கை கண்ணுக்குள் வந்தது. அந்தக் கைக்குத் தாமரைப் பூவைக் கொடுத்துவிட்டு, தன் பெயரைக் கொடுக்காமல் இருந்துவிட்டோம் என்று தன் மேலேயே அவருக்கு வெறுப்பு வந்தது. வெறுப்பு வந்ததே தவிர பெயரைச் சேர்க்கத் தைரியம் வரவில்லை.

பதினாறாம் நாள் காலையில் பந்தியில் உட்காராமல், வாசலில் தலையைக் காட்டிவிட்டு நழுவிவிடலாம் என்று மூவரும் கிளம்பினார்கள். தெருமுனையில் அவர்கள் பேனரைக் காணவில்லை. அதற்கு முன்னால் அதைவிட இரண்டு மடங்கு பெரிதாக, அதே தாமரைப் பூப் படத்தோடு வேறொன்று கட்டியிருந்தது.

'எங்கள் அன்பு அண்ணன் மாடக்கண்ணு அவர்களுக்குத் தங்கைகளின் கண்ணீர் அஞ்சலி.'

கீழே முப்பது பெயர். முதல் வரிசையிலேயே இருந்தார்கள். முத்துச்செல்வி செல்லத்துரை. உமாதேவி ராமசுப்பு. பேபி விஜயராஜ். எந்தப் பெயர்களை ஒளிக்க இவ்வளவு பாடுபட்டார்களோ அவை, ஓடுகிற பஸ்ஸில் போகிறவனும் படிக்கிற எழுத்தில் நின்றன.

செல்லத்துரை மணிராஜைக் கூப்பிட்டார்.

"ஆமா, அன்னைக்கு நீங்க பேர எடுக்கச் சொல்லிட்டு வெளிய போனிய, அந்தத் தங்கச்சிமாரு உள்ள வந்தாவ. பேரக் கேட்டேன், மடமடன்னு சொன்னாவ. அஞ்சே நிமிசம்."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதாலே?"

"நீங்கதான் ஊர்ப் பொதுமக்கள் ஆயிட்டியளே அண்ணாச்சி. ஒங்களுக்கு எதுக்குன்னு இருந்துட்டேன்."

போனை வைத்துவிட்டு, மணிராஜ் சொன்னதை மற்ற இருவரிடமும் செல்லத்துரை சொன்னார். பிறகு விஜயராஜ் மெதுவாகச் சொன்னார்.

"ஏழு மணியானா போன எடுத்துக்கிட்டுப் பின்னால போவானே. யாருகிட்டப் பேசுனான்னு இப்பல்லா தெரியுது."

நல்லவன் வேஷம் போட்டவன் என்றார் ராமசுப்பு. இத்தனை வருஷத்துச் சிநேகம், ஒரு பேனரைப் படித்து முடிக்கிற நேரத்தில் போய்விட்டது. செல்லத்துரை மறுத்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவருக்கும் நெஞ்சு கொதித்தது. எங்களைக் குடிக்க உட்காரவைத்துவிட்டு என் பெண்டாட்டியோடு பேச இவனுக்கு என்ன இருக்கிறது என்று நினைத்தார். செத்தவனை இன்னொரு தடவை கொன்றது அந்த நினைப்புதான்.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மாடக்கண்ணு வீட்டுக்கு நடந்தார். பந்தலில் பெண்கள் நிறைய இருந்தார்கள். மாடக்கண்ணுவின் சம்சாரம் வெயிலம்மாளைச் சுற்றிப் பத்துப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். முத்துச்செல்வி இலை போட்டுக்கொண்டிருந்தாள். கண்ணெல்லாம் சிவந்து கிடந்தது. செல்லத்துரை அவளை வாழைமரத்துப் பக்கம் கூப்பிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார்.

"ஏட்டி, இந்த ஆள ஒனக்கு எத்தன வருசமாத் தெரியும்?"

முத்துச்செல்வி கையை முந்தானையில் துடைத்தாள்.

"அண்ணன் மொகத்த இன்னைக்குத்தான் பாக்கேன். அதுவும் பேனர்ல. கையில என்னத்துக்குப் பூவு வச்சிருக்காவன்னுதான் தெரியல."

"மொகமே தெரியாதவனுக்கு எதுக்குட்டி பேனரு?"

அவள் சத்தம் போடவில்லை. பந்திக்கு வந்தவர்களுக்குக் கேட்காதபடி மெதுவாகத்தான் சொன்னாள்.

"தெனமும் ஏழு மணிக்கு போன் வரும். 'தங்கச்சி, மாப்ள இங்கன பத்திரமா இருக்காவ, ரெண்டோட எழுப்பிட்டேன். முதுகுல தண்ணி தெளிச்சி அனுப்புதேன், வேர்வைன்னு சொன்னா ஆமான்னு கேட்டுக்கோ, சோத்தச் சூடா எடுத்து வையி'ம்பாவ. உமாதேவிக்கும் பேபிக்கும் அப்படித்தான் சொல்லுவாவ."

செல்லத்துரை மடித்துக் கட்டியிருந்த வேட்டியை இறக்கிவிட்டார். இலைக்கட்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டு பந்திக்குத் திரும்பியவள், நின்று சொன்னாள்.

"அன்னைக்கு ஏழு மணிக்கு போன் வரலன்னு நானாக் கூப்பிட்டு, வெயிலம்மா மயினி எடுத்து அழுததுலதான் அண்ணன் செத்ததே எனக்குத் தெரியும், நீங்க நடந்துட்டு வாரேன்னுல்லா சொன்னிய."