ரோசெலின் பெயருக்கு இடமில்லை

மெம்ஃபிஸ், அக்டோபர் 1967

பெருமதிப்பிற்குரிய ஆசிரியர் திரு. தாடியஸ் கிரிம்ஸ் அவர்களுக்கு,

தங்கள் நிருபர் லூசியஸ் பிராம்லெட் பணிவுடன் எழுதுவது. தங்கள் முழங்கால் வலி தணிந்திருக்கும் என்று நம்புகிறேன். சென்ற வாரம் தங்கள் பெயரில் வந்த மீன் வறுவல் விழாக் கட்டுரையைப் பாதிரியார் ஆராதனை முடிந்ததும் வாயாரப் புகழ்ந்தார். அதை எழுதியவன் நான் என்று அவரிடம் சொல்லவில்லை. பக்கத்தில் இடம் போதாமல்தான் என் பெயர் விடுபட்டது என்று தாங்கள் விளக்கியது நினைவிருக்கிறது.

ஊரே முணுமுணுக்கும் பாட்டுகளை எழுதிய ரோசெல் டிப்ஸும் வர்ஜில் மேடாக்ஸும் ஏன் பிரிந்தார்கள் என்று எழுதச் சொன்னீர்கள். தாமதத்துக்கு மன்னிக்கவும். அவர்கள் பாட்டுக் கட்டும் இடம் ரோசெலின் முடி அலங்காரக் கடை. சூடான இரும்புச் சீப்பால் ஒருத்தியின் சுருட்டை முடியை நேராக நீவிக்கொண்டே அவள் வரி சொல்வாள், தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கும் வர்ஜில் பின்சுவரோரப் பழைய பியானோவில் அதற்கு மெட்டுப் போடுவான், தலையை முழுக்க மூடி முடி உலர்த்தும் மிஷின்களுக்கு அடியில் காதடைக்கும் இரைச்சலில் உட்கார்ந்திருக்கும் பெண்களில் யாராவது மூடியைத் தூக்கிக் கேட்டால் பாட்டு பிழைத்தது, ஒருத்தியும் தூக்காவிட்டால் எவ்வளவு ஆசையாகக் கட்டிய பாட்டானாலும் குப்பைக்குப் போகும். இதைவிடக் கறாரான நீதிமன்றத்தை நான் பார்த்ததில்லை.

முதல் இசைத்தட்டு வந்தபோது அதன் நடுவில் ஒட்டிய லேபிளில் வர்ஜிலின் பெயரும் கம்பெனி முதலாளி ஹோபர்ட் ஃபின்ச்சின் பெயரும் இருந்தன. ஃபின்ச் அந்தப் பாட்டுக்குச் செய்தது, ஒருநாள் கதவைத் திறந்து "என்னப்பா, இப்படிப் புழுங்குது" என்றது மட்டும். பெயர் இருந்தால்தான் தட்டு விற்கும்போதெல்லாம் பங்கு வரும் என்பதால் ரோசெல் நேரில் போய்க் கேட்டாள். "லேபிள் சின்னதும்மா, மூணு பேருக்கு எடமில்ல" என்றார். கிறிஸ்துமஸுக்கு அவளுக்கு ஒரு பன்றித் தொடை வந்தது. வர்ஜிலுக்குப் பச்சை நிறக் காடிலாக் கார் வந்தது. அவன் வெட்கப்பட்டு அதை இரண்டு தெரு தள்ளி நிறுத்திவிட்டு நடந்து வருவான். சென்ற வாரம் அடுத்த தட்டு வந்தது, அதில் மூன்று பெயர்கள்: மேடாக்ஸ், ஃபின்ச், டச்சஸ். டச்சஸ் யார் என்று ரோசெல் கேட்க, வர்ஜில் வெகுநேரம் தொண்டையைச் செருமி, "அவரோட வேட்டை நாய்" என்றானாம்.

சனிக்கிழமை பகலில் நான் போனபோது, நாற்காலியில் எங்கள் சபையின் மூதாட்டி சிஸ்டர் பியூலா பாதித் தலை நீவிய நிலையில் இருந்தார். வர்ஜில் உள்ளே வந்தான்.

"என் பியானோ ஸ்டூல எடுத்துட்டுப் போக வந்தேன்."

"தாராளமா எடு. கார்ல எடம் இருக்கா, இல்ல நாய் உக்காந்திருக்கா?"

"நான் அவர்கிட்ட உனக்காகக் கேட்டேன், ரோசெல்."

"எப்பக் கேட்ட? கார் சாவிய வாங்குறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"அம்மாடி, சண்டைய நிதானமாப் போடு. சீப்புக்குப் பக்கத்துல என் காது இருக்கு" என்றார் சிஸ்டர் பியூலா.

வர்ஜில் பியானோ முன்னால் அந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான். பழக்கதோஷம், கை தானாகக் கட்டைகளுக்குப் போனது. "நீ வெளிய போனப்ப என் பேரையும் எடுத்துட்டுப் போயிட்ட. இனிமே யாராச்சும் கூப்பிட்டா, நான் எப்படித் திரும்புவேன்?" என்று ரோசெல் திட்டினாள். சத்தியமாகத் திட்டினாள், பாடவில்லை. அவன் அதற்கு அடியில் மெதுவாக ஒரு சுரத்தை வைத்தான். அடுத்த திட்டு தாளத்தில் வந்து விழுந்தது, அவன் இன்னும் கீழே இறங்கினான், அவள் குரல் தன்னையறியாமல் மேலே ஏறியது, ஒரு மூடி உயர்ந்தது, பிறகு இன்னொன்று, பிறகு எல்லாம். சிஸ்டர் பியூலாவின் தலையிலிருந்து புகை வந்தது. அவரும் வாய் திறக்கவில்லை. ஐயா, வெள்ளத்தையும் தீயையும் பார்த்து எழுதியவன் நான். அந்தக் கடையில் என் பென்சில் தாளைத் தொடவில்லை. பார்க்கக் கூடாத ஒன்றைப் பார்க்க அனுமதி கிடைத்தவன்போலத் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றேன்.

முடிந்தபோது வர்ஜிலின் முகம் நனைந்திருந்தது. "ரோசெல், நாம பண்ணதுலயே இதுதான்..."

"தெரியும்."

"நாளைக்கே ஃபின்ச்கிட்ட..."

அவ்வளவுதான். ரோசெல் சீப்பைக் கீழே வைத்தாள். ஒவ்வொரு பெண்ணின் தலைமேலும் மூடியைத் தானே இழுத்து இறக்கினாள். இரைச்சல் திரும்பியது. வர்ஜில் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு போனான்.

"என் முடி போனது போகட்டும். அந்தப் பாட்டுமா போகணும்?" என்றார் சிஸ்டர் பியூலா.

பிறகு அந்தப் பெண்களிடம் பாடிக்காட்டச் சொன்னேன். ஆளுக்கொரு வரி நினைவிருந்தது, சேர்த்தால் பாட்டாகவில்லை. மெட்டு அவனிடம், வார்த்தை அவளிடம். பிரிவுக்குக் காரணம் இதுதான், தாங்கள் வழக்கம்போலத் தங்கள் பெயரில் வெளியிட்டுக்கொள்ளலாம். தங்களுக்கும் திருமதி கிரிம்ஸுக்கும் ஆண்டவர் நீண்ட ஆயுளும் நல்ல முழங்கால்களும் அருளட்டும்.

என்றும் தங்கள் ஊழியன்,
லூசியஸ் பிராம்லெட்

பி.கு.: இதை ரோசெலின் கடையில் உட்கார்ந்துதான் எழுதி முடித்தேன். உறையில் போடும்போது, "இதுல உங்க பேரு எங்க வரும்?" என்று கேட்டாள். "ஆசிரியர் பேர்லதான் வரும், பக்கத்துல எடம்..." என்று தொடங்கினேன், முடிக்க முடியவில்லை. நிமிர்ந்தால் எல்லா மூடிகளும் உயர்ந்திருந்தன. "பாவம், அந்த எடிட்டர் வீட்ல நாய் இருக்கா?" என்றார் சிஸ்டர் பியூலா. ஆகவே மேலே உள்ள எதையும் அச்சிட வேண்டாம். எதிர்த்தெருப் பத்திரிகையில் ஒரு பெயருக்கு இடம் இருக்கிறதாம். அலுவலகத்தில் உள்ள நாற்காலி என் சொந்த நாற்காலி. திங்கட்கிழமை வந்து எடுத்துக்கொள்கிறேன்.